கேஸா, சுளுக்கா, இதயமா?

"நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்கு. கேஸுக்கு ஏதாவது குடுங்க."

எங்கள் மருந்துக்கடையில் ஒரு நாளைக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். நோய்க்குப் பெயரும் வைத்து, மருந்தையும் முடிவுசெய்துவிட்டுத்தான் கடைப்படி ஏறுவார்கள். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருந்துவிடும். சிக்கலே அதுதான். லேசாக, விட்டுவிட்டு வரும் நெஞ்சு உபாதைக்கு வயிறு, தசை, பதற்றம், இதயம் என்று நாலு காரணங்கள் போட்டிக்கு நிற்கும். நாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் காட்டும். அதனால் "எங்கே வலிக்குது" என்று நான் முதலில் கேட்பதில்லை. என்ன செய்யும்போது வருகிறது, என்ன செய்தால் போகிறது என்று கேட்பேன்.

முதலில் வயிறு. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல இறங்குகிறது. இரண்டின் வலியும் ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதையில் போவதால் மூளைக்கே குழப்பம் வரும். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சால்னா, கையைக் கழுவியதும் படுக்கை என்று இருப்பவருக்கு எரிச்சல் படுத்த பிறகு வரும், குனிந்தால் கூடும், வாயில் புளிப்புத் தண்ணீர் ஊறும். எழுந்து உட்கார்ந்தால் தணியும். முக்கியமாக, நடையின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தசையோ, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்போ கோளாறு செய்வது. தண்ணீர் கேன் தூக்கும் தம்பி ஒருவர் வருவார், ஒற்றை விரலை வைத்து "இங்கதாண்ணே" என்பார். அந்த இடத்தை அமுக்கினால் அதே வலி வரும். திரும்பிப் படுத்தாலும் இருமினாலும் சுரீர் என்னும். நாள்கணக்கில் இருந்துவிட்டுத் தானாகப் போகும். ஒரு எச்சரிக்கை: மூச்சை இழுக்கும்போது குத்துவதோடு மூச்சுத் திணறலும் இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, அதைச் சுளுக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நுரையீரலைப் பார்க்க வேண்டும்.

பதற்றத்தால் வருவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும். படபடப்பு, விரல் நுனியில் மதமதப்பு, மூச்சு போதவில்லை என்ற நினைப்பு, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம். ஆனால் மற்ற மூன்றையும் தள்ளிவிட்ட பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும். பெண்கள் வந்து சொன்னால் "டென்ஷன்" என்று எடுத்த எடுப்பில் முடித்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

இனி இதயம். 1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இந்த உபாதையை விவரித்தார். நடக்கும்போது, அதுவும் மேடேறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் நெஞ்சை நெரிப்பதுபோல வரும், நின்றால் போய்விடும். இன்றைக்கும் ஆஞ்சைனாவுக்கு, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலிக்கு, இதுதான் அடையாளம். 'சாப்பிட்ட கையோடு' என்பதைக் கவனியுங்கள். கேஸுக்கும் இதயத்துக்கும் நம் ஆட்கள் முடிச்சுப் போட்டுக்கொள்வது அங்கேதான்.

எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர், ஐம்பத்து நாலு வயது, சர்க்கரை உண்டு, நாலு நாளைக்கு ஒரு தடவை கேஸுக்கு ஜெல் பாட்டில் வாங்குவார். மதியச் சாப்பாடு முடித்து ரயில்வே மேம்பாலம் ஏறித் தன் கடைக்குப் போகும்போது நெஞ்சு இறுகுமாம். "பாதி பாலத்துல நின்னு ரெண்டு ஏப்பம் விட்டா சரியாயிரும்" என்பார். "அதே சாப்பாடு சாப்பிட்டு வண்டியில போற அன்னைக்கு வருதா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வராதுல்லா" என்றார். அவரைக் காப்பாற்றியது ஏப்பமில்லை, நின்றது.

இதற்கு முன் ஓர் இடத்தில் இசிஜி எடுத்து நார்மல் என்று அனுப்பியிருந்தார்கள். வலி இல்லாத நேரத்தில் படுக்கவைத்து எடுத்தால் ஆஞ்சைனாக்காரருக்கும் இசிஜி நன்றாகவே இருக்கலாம். இதயத்தை வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போய் பாலத்துக் கதையைச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்ப்பது. ஒரு குழாயில் அடைப்பு.

எந்த மருந்துக்கு வலி கேட்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடவும் முடியாது. ஜெல் குடித்துத் தணிந்தால் வயிறுதான் என்று அர்த்தமில்லை. குடிப்பதற்காக உட்கார்ந்ததிலேயே இதய வலி அடங்கியிருக்கலாம். இதய வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உணவுக்குழாய் இறுக்கத்தையும் தளர்த்தும், ஆகவே அதற்குக் கேட்டால் இதயம்தான் என்றும் சொல்ல முடியாது. நெஞ்சில் முஷ்டியை வைத்துக் காட்டினால் இதயம், விரலை வைத்தால் தசை என்பதும் ஓரளவுக்குத்தான் பொருந்தும். சர்க்கரைக்காரர்கள், பெண்கள், வயதானவர்கள் சிலருக்கு வலியே இராது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், காரணமில்லாத அசதி, குமட்டல், அவ்வளவுதான்.

இந்த ஒப்பீடெல்லாம் வந்து போகும் லேசான உபாதைக்கு. அது புதிதாக ஆரம்பித்திருந்தாலோ, அடிக்கடி வரத் தொடங்கினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போதே வந்து பத்துப் பதினைந்து நிமிடமாகியும் விடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, தாடைக்கோ கைக்கோ பரவுகிறது, மயக்கம் வருகிறது என்றால் கடைக்கு வராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

அண்ணாச்சிக்கு அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தாயிற்று. இப்போது வலியில்லாமல் பாலம் ஏறுகிறார். ஆனாலும் பாதியில் நின்று ரெண்டு ஏப்பம் விட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்குகிறார்.