ராஸ்பெர்ரி பை தானாகப் படம் காட்ட: ஆட்டோஸ்டார்ட்டா, சிஸ்டம்டியா?

கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டின் முகப்பில், வீடு பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு திரை வைத்திருக்கிறோம். அதன் பின்னால் 1 ஜிபி ராம் கொண்ட, கையளவுக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 3. கரண்ட் வந்ததும் அது பூட் ஆகி, குரோமியம் பிரவுசரை முழுத்திரையில் திறந்து, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், சுண்ணாம்புப் பூச்சு பற்றிய படங்களைக் குறிப்புகளோடு மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கீபோர்டும் மவுஸும் கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஸ்விட்ச் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்யத் தேவையிருக்கக் கூடாது. என் நிபந்தனை அதுதான்.

பூட் ஆகும்போது நிரலைத் தானாகத் திறக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஆர்சி.லோக்கல் என்ற பழைய தொடக்க ஸ்கிரிப்ட், நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் க்ரானில் ரீபூட் வரி ஆகிய இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இரண்டும் டெஸ்க்டாப் எழுந்ததா என்று பார்ப்பதில்லை. எந்தத் திரையில் படம் வரைவது என்ற தகவலும் அங்கே இருக்காது. ஸ்லீப் கட்டளையால் சில நொடி காத்திருக்கச் சொல்லி, டிஸ்ப்ளே எண்ணைக் கையால் கொடுத்து ஓட்டலாம்தான். ஆனால் எஸ்டி கார்டு மெதுவாகப் படிக்கிற நாளில் அந்தக் கணக்கு தவறிவிடும்.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், ஆட்டோஸ்டார்ட்டில் எந்த நிரலைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு டெஸ்க்டாப் ஃபைல் வைப்பது. இன்னொன்று சிஸ்டம்டி சர்வீஸ். லினக்ஸில் பின்னணி நிரல்களைத் தொடங்கிக் கண்காணிப்பது சிஸ்டம்டி, அதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்பு ஃபைல்தான் சர்வீஸ்.

டெஸ்க்டாப் ஃபைல் எளிது. நாலே வரி, டெஸ்க்டாப் வந்த பிறகுதான் ஓடும், திரைத் தகவல் தானாகக் கிடைக்கும். இன்னொரு நல்ல குணமும் உண்டு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் 2023 அக்டோபரில் பை 4, பை 5 இரண்டையும் திரையில் வரையும் பழைய முறையான எக்ஸ்11-இலிருந்து வேலாண்ட் என்ற புதிய முறைக்கு, அதில் விண்டோக்களை நிர்வகிக்கும் வேஃபயருக்கு மாற்றியது. 2024 அக்டோபரில் வேஃபயருக்குப் பதில் லாப்டபிள்யூசிக்கு மாறியது. பழைய டெஸ்க்டாப்பான எல்எக்ஸ்டிஇ-யின் ஆட்டோஸ்டார்ட் ஃபைலில் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. டெஸ்க்டாப் ஃபைல் வைக்கிற இடம் மட்டும் மாறவில்லை. வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்துகிற கம்ப்யூட்டருக்கு இதுவே போதும், சர்வீஸ் எழுத மெனக்கெட வேண்டாம்.

ஆனால் அது ஒருமுறை திறந்துவிடுவதோடு சரி. அப்புறம் அந்த நிரல் செத்தாலும் கண்டுகொள்ளாது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். 1 ஜிபி ராமில் பெரிய பெரிய படங்களை நாள்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் நினைவகம் போதாமல் லினக்ஸின் மையமான கெர்னலே குரோமியத்தைக் கொன்றுவிடும். திரையில் வெறும் டெஸ்க்டாப் நிற்கும். "தம்பி, படத்தக் காணோம், குப்பைத்தொட்டிப் படம் மட்டுந்தான் தெரியுது" என்று போன் வரும். நான் சென்னையில் இருக்கிறேன். ஸ்விட்சை அணைத்துப் போடச் சொல்வதைத் தவிர வழியில்லை. அப்படித் திடீரென்று அணைப்பதுதான் எஸ்டி கார்டைக் கெடுக்கும். நிரலைத் தூக்கி நிறுத்த ஆள் தேவைப்படாத ஏற்பாடு என்றால் அது கார்டையும் காப்பாற்றும் ஏற்பாடு.

சிஸ்டம்டியில் இதற்கு இரண்டு வரிதான். ரீஸ்டார்ட் என்பதற்கு ஆல்வேஸ், ரீஸ்டார்ட்செக் என்பதற்கு 5. இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். அதைக் கொடுக்காவிட்டால் 100 மில்லிசெகண்டில் மறுபடி திறக்கப் பார்க்கும். 10 செகண்டுக்குள் 5 முறை திறந்தும் நிரல் நிலைத்து ஓடவில்லை என்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும், அதுதான் அதன் இயல்பான வரம்பு. 5 செகண்ட் இடைவெளி விட்டால் அந்த வரம்பைத் தொடவே தொடாது. என்ன நடந்தது என்று சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி. தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

சிஸ்டம்டியிலும் ஒரு ஓட்டை உண்டு. நிரல் செத்தால் அதற்குத் தெரியும், உறைந்துபோய் அப்படியே நின்றால் தெரியாது. அதற்கு ரன்டைம்மேக்ஸ்செக் என்பதில் 12 மணி நேரம் கொடுத்திருக்கிறேன். உறைந்தாலும் உறையாவிட்டாலும் அந்த நேரம் ஆனதும் மூடித் திறந்துவிடும். பார்வையாளர் நிற்கும்போது சில நொடி திரை மாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னொரு சிக்கல் திரைத் தகவல். சிஸ்டம் சர்வீஸாக எழுதினால் பயனர் பெயர், டிஸ்ப்ளே, ரன்டைம் டைரக்டரி எல்லாவற்றையும் நாமே சொல்ல வேண்டும். வேலாண்டுக்கு ஒரு மாதிரி, எக்ஸ்11-க்கு ஒரு மாதிரி. அதனால் நான் இரண்டையும் சேர்த்தேன். சர்வீஸை, லாகின் செய்த பயனரின் பெயரில் ஓடும் யூசர் சர்வீஸாக எழுதி, தானாகத் தொடங்கும்படி எனேபிள் செய்யாமல் விட்டேன். டெஸ்க்டாப் ஃபைல் ஒரு சிறிய ஸ்கிரிப்டைத் திறக்கும். அது இம்போர்ட்-என்விரான்மென்ட் கட்டளையால் திரைத் தகவலை சிஸ்டம்டிக்குக் கொடுத்துவிட்டு, சர்வீஸை ஸ்டார்ட் செய்யும். தொடங்கும் நேரத்தை டெஸ்க்டாப் பார்த்துக்கொள்கிறது, உயிரோடு வைத்திருப்பதை சிஸ்டம்டி பார்த்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் ஆட்டோ லாகின் மட்டும் போட்டிருக்க வேண்டும்.

நான் மாதக்கணக்கில் ஓட்டுவது எக்ஸ்11-இல்தான். லாப்டபிள்யூசியில் மேசையில் வைத்துச் சோதித்தபோது இதே ஃபைல்கள் அப்படியே வேலை செய்தன, ஆனால் முகப்பில் வைத்து நீண்ட நாள் ஓட்டியதில்லை. காரைக்குடிப் பக்கம் கடை, விடுதி எதற்காவது இதைச் செய்கிறவர்கள், பையின் செட்டிங்ஸ் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் உள்ள, எஸ்டி கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தையும் கடைசியாக ஆன் செய்துவிடுங்கள். ஆன் செய்த பிறகு மாற்றுகிற எதுவும் ரீபூட்டில் போய்விடும் என்பதால், சர்வீஸை எழுதிச் சோதித்து முடித்த பின்புதான் அதைத் தொட வேண்டும்.