எட்டு கேமராவும் ஒரு கேட் ஆப்பும்: ஏழு வருட அனுபவம்

மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மொத்தம் 18 வீடு. சென்னைப் போலீஸ் ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லிக்கொண்டிருந்த 2018-ல் எங்கள் அசோசியேஷனும் எட்டு கேமரா வாங்கியது. அப்போது நான்தான் செயலாளர். வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான் என் தகுதி. அப்புறம் கேட் ஆப், தீயணைப்பு சிலிண்டர், படிக்கட்டுக்கு கிரில் கதவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எது உழைத்தது, எது சும்மா நின்றது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கேமரா. பகலில் படம் அருமை. முதல் இரண்டு மாதம் எல்லோரும் செல்போனில் பார்க்கிங்கை சீரியல் மாதிரி பார்த்தார்கள். அடுத்த வருடக் கோடையில் ஒரு வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்தார். பையனுடைய சைக்கிளைக் காணோம். பதிவைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், ஆறு நாளுக்கு முந்தையது எதுவுமே இல்லை. கணக்கு எளிது. எங்கள் செட்டிங்கில் ஒரு 2 மெகாபிக்சல் கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 20 ஜிபி எழுதும். எட்டு கேமராவுக்கு 160 ஜிபி. ‘ஒரு மாசம் வரும் சார்’ என்று கடைக்காரர் மாட்டிவிட்டுப் போனது 1 டிபி, அதாவது சுமார் 1,000 ஜிபி டிஸ்க். இப்போது 4 டிபி போட்டிருக்கிறோம், 23, 24 நாள் நிற்கிறது. வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதைவிட, பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள். பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இரவில் வேறு பிரச்சினை: சிலந்தி. இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவைச் சுற்றிச் சின்ன விளக்குகள் எரியும், அங்கேயே சிலந்தி வலை பின்னும். கண்ணாடிக்கு முன்னால் ஒரே ஒரு இழை தொங்கினால் போதும், அந்த வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புகைபோலத் தெரியும். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமரா ரிப்பேர் என்று இரண்டு முறை ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. மருந்து, மாதம் ஒரு முறை ஒட்டடைக் குச்சி.

கடிகாரத்தையும் பாருங்கள். வண்டிகளில் பெட்ரோல் திருடுகிறார்கள் என்று புகார் கொடுத்தபோது, வந்த காவலர் திரையைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சார், இந்த டைம் சரியா?” நாற்பது நிமிடம் பின்தங்கி இருந்தது. நாங்கள் இரண்டு நாளாக வேறு நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4. வாட்ச்மேன் அறைக்குள் கீழ்த்தட்டில் இருந்த டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), சேறும் தண்ணீருமாகப் போயிற்று. 2015-ல் அதே அறைக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். இப்போது டிவிஆர் முதல் மாடியில் ஒரு பூட்டிய பெட்டிக்குள், சின்ன யுபிஎஸ்ஸோடு இருக்கிறது.

கேட் ஆப் 2021-ல் வந்தது, 2024-ல் நிறுத்தினோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, மற்றவை எப்படி என்று எனக்குத் தெரியாது. வாசலில் ஆள் வந்தால் வாட்ச்மேன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் செல்போனில் சம்மதம் தர வேண்டும், பிறகு உள்ளே விட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டாவது மாடி மாமியின் போன் பூஜை அறையில் இருக்கும், மாமி சமையலறையில் இருப்பார். டெலிவரிப் பையன் வாசலில் நின்று அவசரப்படுவான். மூன்றாவது மாதத்திலிருந்து வாட்ச்மேன் தானே எல்லோருக்கும் சம்மதம் கொடுக்க ஆரம்பித்தார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. இன்னொன்றும் உறுத்தியது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் போட்டோவும் போன் நம்பரும் யாரோ ஒரு கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல். வெளியூரில் இருக்கும்போது விருந்தாளிக்கு முன்கூட்டியே அனுமதி போட்டு வைக்கும் வசதி மட்டும் நன்றாக இருந்தது. இப்போது பழைய நோட்டும் இன்டர்காமும்தான்.

வாட்ச்மேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருடம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கருவிப் பையோடு ஒருவர் வந்து, மூன்றாவது மாடியில் ஏ.சி. சர்வீஸ் என்றிருக்கிறார். இவர், “அவங்க எல்லாம் கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்களே, யாரு கூப்பிட்டாங்க?” என்று கேட்டதும், வீடு மாறி வந்துவிட்டேன் என்று அந்த ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கேமராவில் அந்த ஹெல்மெட் மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது. இந்த வாட்ச்மேனைத்தான் நாலு வருடம் 24 மணி நேரமும் ஒற்றை ஆளாக வைத்திருந்து, ராத்திரி தூங்குகிறார் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் குறை சொன்னோம். ஆப் சந்தாவை நிறுத்தி, மெயின்டனன்ஸையும் கொஞ்சம் கூட்டி இரவுக்கு இன்னொருவரைப் போட்ட பிறகு அந்தப் பேச்சே இல்லை.

தீ விஷயத்தில் கொஞ்சம் பயந்தோம். மீட்டர் பலகை ஸ்டில்ட்டில்தான் இருக்கிறது, அதை ஒட்டியே இரண்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் இரவெல்லாம் சார்ஜ் ஏறும். 2022 மே மாதம் ஒரு மதியம் அங்கிருந்து புகை. நல்ல வேளை, யாரோ மெயினை அணைத்தார்கள். சிலிண்டரை எடுத்தால் அழுத்துகிறோம், அழுத்துகிறோம், ஒன்றும் வரவில்லை. கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை முதலில் உருவ வேண்டும் என்று அங்கே நின்ற ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கீழ் வீட்டுக் கல்லூரிப் பெண் வந்து உருவினாள். தீ அடங்கியது, பவுடரைக் கழுவ மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துவதில்லை, சார்ஜிங்குக்கு எதிர் மூலையில் தனி லைன் இழுத்தோம். ரீஃபில் செய்யக் கொடுக்க வேண்டிய சிலிண்டரை அப்படியே கொடுக்காமல், ஆளுக்குக் கொஞ்சம் அடித்துப் பார்க்க விடுகிறோம். எப்படியும் காலி செய்யப்போவதுதானே.

இத்தனையிலும் கொடுத்த காசுக்கு அதிகமாக உழைத்தது படிக்கட்டு கிரில் கதவில் மாட்டிய டோர் குளோசர். தானாகச் சாத்திக்கொள்கிறது, யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. முதலில் அந்தக் கதவுக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் செயலாளர் வீட்டில் வைத்திருந்தோம். அந்தப் புகைக்குப் பிறகு பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் லாட்ச் போட்டோம். மொட்டை மாடிக் கதவுக்கும் அப்படியே. குளோசரில் இப்போது எண்ணெய் கசிகிறது, கதவு ‘டமால்’ என்று அடிக்கிறது. ஆறு வருடம் வந்துவிட்டது. அடுத்த மாதம் அதே மாடலே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.