கீழுதடு மரத்துப்போன லீவு

மெல்போர்னிலிருந்து ஆறு வார லீவில் சேலம் வந்த இரண்டாம் நாள், செவ்வாய்ப்பேட்டையில் நின்றுகொண்டே தட்டுவடை செட் சாப்பிட்டோம். "தம்பி, மோவாயெல்லாம் சட்னி வழியுதுங்க" என்றார் அண்ணி. எனக்குத் தெரியவே இல்லை. கீழுதட்டின் வலப்பக்கம் சில மாதங்களாகவே பல் ஊசி போட்ட மாதிரி மரத்துக் கிடந்தது, வலி இல்லாததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

முதலில் போன பல் கிளினிக்கில் படம்கூட எடுக்காமல் ரூட் கேனாலுக்கு அட்வான்ஸ் கேட்டார்கள். அண்ணன் கடுப்பாகி, தாடை அறுவை செய்யும் சர்ஜன் ஒருவரிடம் கூட்டிப்போனார். முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் கடைவாய்ப்பல்லுக்குக் கீழே நரம்பு போகும் குழாய் ஓரிடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு உப்பியிருந்தது. அப்புறம் சி.டி., பயாப்ஸி. கட்டி நரம்பு உறையிலிருந்து வந்ததா என்று பார்க்க உதவும் எஸ்-100 சோதனையும் சேர்த்து ரிசல்ட் வந்தது: ஷ்வானோமா. நரம்புக்கு உறையாக இருக்கும் ஷ்வான் செல்களில் வளரும் கட்டி, புற்றுநோய் இல்லை. எலும்புக்குள் வருவது ரொம்ப அபூர்வம், வந்தால் கீழ்த்தாடையில்தான் அதிகமாம்.

இதையெல்லாம் டாக்டர் சொன்னது என்னிடம் இல்லை, அண்ணனிடம். நாற்பத்து மூன்று வயது ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், "உங்க தம்பிக்கு" என்றே பேசிக்கொண்டிருந்தார். "நரம்பை வெட்டிருவீங்களா?" என்று நான் கேட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பி, எக்ஸ்ரே கவர் மேலேயே பேனாவால் வரைந்தார். ஷ்வானோமா உறைக்குள் இருக்கும், நரம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு வளரும், அதனால் பலாச்சுளையைப் பிரிக்கிற மாதிரி உரித்தெடுத்து நரம்பைக் காப்பாற்றப் பார்க்கலாம். நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு வகை நரம்புக் கட்டி என்றால் நரம்பிழைகள் கட்டிக்குள்ளேயே ஓடும், அது வேறு கதை. உதட்டு உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு மயக்கம் கொடுத்தார்கள். வாய்க்குள்ளேயே கீறி, எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்து எடுத்ததால் வெளியே தழும்பு இல்லை. நர்சுகள் தங்கம். பில் கவுன்டர்தான் சோதித்துவிட்டது, என் வெளிநாட்டு கார்டு இரண்டு முறை மறுத்து, கடைசியில் அண்ணன் போனிலிருந்து கட்டினோம். லீவில் வந்து சிகிச்சை எடுப்பவர்கள் பயாப்ஸி ஸ்லைடையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வையுங்கள், நான் லேபுக்கு மூன்று நடை நடந்தேன்.

இரண்டு வாரம் ராகிக் கூழ், குழைந்த சாதம். இப்போது மோவாயில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, நரம்பு முழிக்கிற அறிகுறியாக இருக்கலாமாம். அடுத்த செக்கப் தேதி நேற்று மெசேஜில் வந்தது, அண்ணன் நம்பருக்கு.