அலாஸ்கா டிவிடெண்ட்: 1982-லிருந்து ஓடும் 'எல்லாருக்கும் பணம்' சேவை, என் ரிவ்யூ

எல்லாருக்கும் அடிப்படை வருமானம் என்று பேச்செடுத்தாலே ஃபின்லாந்தைத்தான் இழுப்பார்கள். அங்கே 2017, 2018 என்று இரண்டே ஆண்டு, வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். சீக்கிரம் நின்றுவிடும் என்று தெரிந்த பணத்தை நம்பி யாராவது புதிதாக எதையாவது தொடங்குவார்களா? அதனால் அதை விட்டுவிட்டு, ஒரு வருடம்கூடத் தவறாமல் பணம் தந்துகொண்டிருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் தரும் நிரந்தர நிதி டிவிடெண்ட், அதாவது ஒரு பொது நிதியின் லாபத்தில் அங்கே குடியிருப்பவர்களுக்கு வருடந்தோறும் தரும் பங்கு. நான் அதை வாங்குகிற ஆள் இல்லை. விதிகள், தீர்ப்புகள், இதுவரை கொடுத்த தொகைகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன, அவற்றை வைத்துத்தான் சொல்கிறேன்.

கதை எண்ணெயில் தொடங்குகிறது. 1969-ல் புரூடோ பே எண்ணெய் நிலங்களைக் குத்தகைக்கு விட்டதில் மாநிலத்துக்கு 90 கோடி டாலர் வந்தது, சில வருடங்களிலேயே செலவாகியும் போனது. இனி வருவதும் இப்படியே கரைந்துவிடக் கூடாது என்று 1976-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அரசியலமைப்பையே திருத்தினார்கள். எண்ணெய் போன்ற கனிமங்களை எடுக்கும் கம்பெனிகள் தரும் ராயல்டி வருமானத்தில் குறைந்தது 25 சதவீதம் ஒரு நிதியில் சேர வேண்டும், அதன் மூலதனத்தில் கை வைக்கக் கூடாது. அதுதான் இன்று 8,000 கோடி டாலருக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதன் லாபத்தில் ஒரு பங்கை மக்களுக்கே கொடுத்துவிட்டால் நிதியை அவர்களே காவல் காப்பார்கள் என்பது அப்போதைய ஆளுநர் ஜே ஹாமண்டின் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. லாபத்தில் ஒரு பகுதியை அரசுச் செலவுக்கு எடுக்கலாமா என்று 1999-ல் கேட்டபோது 83 சதவீதம் பேர் முடியாது என்று ஓட்டுப் போட்டார்கள்.

பயன்படுத்துகிறவர் கோணத்தில் பார்த்தால் இவ்வளவு எளிமையான அரசு சேவை குறைவுதான். ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், முந்தைய வருடம் முழுக்க அங்கே குடியிருந்திருக்க வேண்டும், தொடர்ந்து இருக்கும் எண்ணமும் வேண்டும். ஏழை என்று நிரூபிக்கச் சொல்வதில்லை, சம்பளச் சான்று கேட்பதில்லை. கைக்குழந்தைக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே தொகை. அக்டோபர் வாக்கில் பணம் வந்துவிடும்.

இந்த 'ஒரே தொகை' தானாக வந்ததில்லை. முதலில் போட்ட திட்டம், 1959-லிருந்து எத்தனை வருடம் குடியிருந்தீர்களோ வருடத்துக்கு 50 டாலர் என்பது. பழைய ஆட்களுக்கு அதிகம், புதிதாக வந்தவனுக்குக் கிள்ளிக் கொடுப்பது. கொஞ்ச நாள் முன்பு குடியேறிய ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் எட்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. ஜனநாயகத்துக்கு இந்தச் சேவை செய்த பெரிய நன்மை இதுதான் என்பேன், அதுவும் கோர்ட் பிடித்துத் தள்ளித்தான் நடந்தது.

சும்மா பணம் கொடுத்தால் யார் வேலைக்குப் போவார்கள் என்ற அந்தப் பழைய கேள்விக்கு, பொருளாதார ஆய்வாளர்கள் டேமன் ஜோன்ஸ், யோவானா மரினெஸ்கு இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை, பகுதி நேர வேலை மட்டும் 1.8 சதவீதப் புள்ளி கூடியது. சரி, வருடத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் டாலருக்கு யார் வேலையை விடப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இது அடிப்படை வருமானம் என்பதன் ஒரு துண்டுதான், வாடகைக்குக் காணாது. ஆனால் தொகை தலைக்கு என்பதால் பெரிய குடும்பங்களுக்குக் கணிசமாக வரும்: 2022-ல் தலைக்கு 3,284 டாலர், ஐந்து பேர் வீட்டுக்கு 16,420. சம்பள வேலையே அபூர்வமான தொலைதூரப் பழங்குடிக் கிராமங்களில் அது சின்னத் தொகை இல்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். அரசியலமைப்பு காப்பது நிதியின் மூலதனத்தை மட்டும்தான், டிவிடெண்டை அல்ல. ஐந்து வருட லாபத்தின் அடிப்படையில் தொகையைக் கணக்கிடும் சூத்திரம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எண்ணெய் விலை விழுந்த பிறகு, 2016-ல் ஆளுநர் பில் வாக்கர் தன் வீட்டோ (ரத்து) அதிகாரத்தால் தொகையைப் பாதியாக வெட்டினார்; கைக்கு வந்தது 1,022 டாலர். ஒரு செனட்டரும் இரண்டு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். மற்ற செலவுகளைப் போல இதற்கும் சட்டமன்றம் வருடாவருடம் நிதி ஒதுக்கினால்தான் உண்டு என்று 2017-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சூத்திரம் சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது, தொகை பட்ஜெட் பேரத்தில் முடிவாகிறது. 2018-ல் முழுத் தொகையும் தருகிறேன் என்று சொல்லி மைக் டன்லீவி ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார், அடுத்த வருடமே பல்கலைக்கழக நிதியில் கத்தியை வைத்தார், எதிர்ப்பு வலுத்த பிறகுதான் வெட்டைக் குறைத்தார். பள்ளியா டிவிடெண்டா என்று மக்களையே இரண்டாகப் பிரிக்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. முதல் காசோலை 1982-ல் 1,000 டாலர், 2025-லும் 1,000 டாலர். நடுவில் விலைவாசி ஏறியது யார் கணக்கிலும் வரவில்லை போல.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது வேறொரு இடத்தில். அந்த மாநிலம் 1980-லேயே வருமான வரியை ஒழித்துவிட்டது. பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தால் அதிகம் சம்பாதிப்பவரிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம், இல்லை டிவிடெண்டைக் குறைக்கலாம். ஆளுக்கு ஆயிரம் டாலர் குறைத்தால் எண்ணெய்க் கம்பெனி மேலாளருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, மீன் பிடித்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது குளிர்கால எரிபொருள். அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்களே 2016-ல் பல வழிகளை ஒப்பிட்டு, குறைந்த வருமானக்காரர்களை அதிகம் அடிப்பது டிவிடெண்ட் வெட்டுதான் என்று காட்டினார்கள். அப்படியும் ஒவ்வொரு வருடமும் அரசு கை வைப்பது அங்கேதான்.

பாராட்ட வேண்டிய ஒரு சின்ன விஷயம்: டிவிடெண்ட் வந்ததால் உணவு உதவி போன்ற நலத்திட்டங்களில் ஒருவருடைய தகுதி போய்விட்டால், அந்த இழப்பை ஈடுகட்டத் தனி ஏற்பாடு உண்டு. பல நாடுகளின் திட்டங்களில் இதை யோசிப்பதே இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று தருவேன். தொகையை வருடாவருடம் அரசியல்வாதிகள் கையில் விட்டதற்கு ஒன்றரை போகிறது. மீதி அரை எதற்கு என்றால், கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவருக்கு அந்த வருடத்துப் பங்கு கிடையாது. பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் எல்லாருக்கும் சொந்தம் என்பதுதானே இந்தத் திட்டத்தின் அடிப்படை? குற்றத்துக்குத் தண்டனையைக் கோர்ட் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் அவருடைய பங்கைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம் என்று எந்த விதியும் எனக்குச் சொல்லவில்லை.