லேப்டாப் கேமரா வரவில்லை என்று கடைக்குப் போகும் வேலூர்க்காரர்களுக்கு

போன மாதம் எனக்கு நடந்தது. பாகாயத்தில் வீடு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கிளாஸுக்கு உட்கார்ந்தால் கேமரா வரவில்லை, கூகுள் மீட், ஜூம் இரண்டிலும் கேமராவே இல்லை என்று காட்டுகிறது. முந்தின நாள்தான் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு 2ஆம் நம்பர் பஸ்ஸில் காட்பாடியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். நெரிசலில் அடிபட்டுவிட்டதோ என்று பயந்து, மறுநாள் காலையிலேயே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர், லேப்டாப்பில் இருக்கிற பாகங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினார். "பாருங்கக்கா, கேமரான்ற லைனே இல்ல. மாட்யூல் போயிடுச்சு, மாத்தணும்." கண்ணெதிரே காட்டினால் நம்பாமல் என்ன செய்வது? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் போனபோது கேமரா வேலை செய்தது. 3,500 ரூபாய் என்றார். கேமராவுக்கு 2,800, மீதி விண்டோஸ் புதிதாகப் போட்டதற்காம். விண்டோஸ் போடச் சொல்லி நான் கேட்கவே இல்லை, அவரும் ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பாடக் குறிப்புகள் போனதைக்கூட விட்டுவிடலாம், திரும்ப எழுதிக்கொள்வேன். அம்மா இறந்துபோவதற்கு முந்தைய வருஷம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குக் கூட்டிப்போய் எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இப்போதைய லேப்டாப்களில் எஸ்எஸ்டி என்கிற சேமிப்பு டிரைவ் போட்டிருப்பதால், ஃபார்மட் பண்ணி எல்லாவற்றையும் அழித்துவிட்டால் மீட்பது ரொம்பக் கஷ்டம் என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்கள்.

அடுத்த வாரம் அதே பையில் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே திறந்தால் மறுபடியும் கேமரா இல்லை. அக்கா பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, சைடுல இந்த பட்டன் தள்ளியிருக்கு பாரு" என்று வலது ஓரத்தில் இருந்த சின்ன ஸ்லைடு சுவிட்சை நகர்த்தினான். கேமரா வந்துவிட்டது. அவ்வளவுதான். அந்த சுவிட்ச் கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடும், அதனால்தான் டிவைஸ் மேனேஜரில் அந்த வரியே இருக்காதாம். பையில் உரசும்போது தள்ளிக்கொண்டிருக்கிறது. தினம் லேப்டாப் பார்க்கிற கடைக்காரருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

சந்தேகத்தில் சத்துவாச்சாரியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினால்தான் கேமராவைத் தொடவே முடியும், அதன் அடியில் கம்பெனியில் ஒட்டிய பசை அப்படியே இருக்கிறது, யாரும் திறக்கவே இல்லை என்றார். மாற்றாத கேமராவுக்கு 2,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பழைய பாகத்தைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டோம் என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

உங்கள் கேமரா வரவில்லையென்றால் முதலில் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். லெனோவோ லீஜியன், எச்பி ஸ்பெக்டர் மாடல்கள் சிலவற்றில் இந்த சுவிட்ச் வலது பக்கம் இருக்கிறது. சிலவற்றில் லென்ஸுக்கு மேலேயே மூடி, சிலவற்றில் கீபோர்டின் மேல் வரிசையில் கேமரா படம் போட்ட கீ. அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் கேமரா அனுமதி ஆனில் இருக்கிறதா, அதே பக்கத்தில் டெஸ்க்டாப் ஆப்களுக்கான அனுமதியும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், ஜூமுக்கு இரண்டாவதும் வேண்டும். ஏற்கெனவே வேறு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருந்தாலும் படம் வராது. டிவைஸ் மேனேஜரில் கேமரா பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அதை யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும்.

இத்தனைக்கும் வராமல் கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கொடுக்கும் முன்பே போட்டோக்களை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது என்று லேப்டாப்பை வாங்கிக்கொள்ளும்போது கடையில் தருகிற ஜாப் சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். நான் பில் கூட கேட்கவில்லை, பேனாவில் கிறுக்கிய ஒரு துண்டுச்சீட்டுதான் இருக்கிறது, அதையும் மெக்கானிக் எடுத்துக் கொடுத்த போட்டோவையும் வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

திருப்பிக் கேட்கப் போனபோது கடைக்காரர் 1,000 ரூபாயை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அம்மாவின் போட்டோக்களில் திருவிழா அன்றைக்கே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு மட்டும் இருக்கின்றன.