எண்பது வயதில் எந்த நாடு? தாய்லாந்து, மலேசியா, போர்ச்சுகல்: ஓர் ஒப்பீடு

ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்றே கேள்விகளைக் கேட்கிறார்கள். விசாவுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும், மாதச் செலவு எவ்வளவு, தட்பவெப்பம் எப்படி. இவை அறுபது வயதுக்காரரின் கேள்விகள். அறுபதில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். ஊர் பிடிக்கவில்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். இந்த ஒப்பீட்டுக்கு நான் எண்பது வயதை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். கணவன் மனைவி இருவரில் ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு, மிஞ்சியவரை அந்த நாடு வைத்துக்கொள்ளுமா? நோயில் விழுந்தால் யார் பார்ப்பார்கள், யார் பணம் கட்டுவார்கள்? இப்படிக் கேட்டுப் பார்த்தால் மூன்று நாடுகளின் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் தாய்லாந்து. நுழைவது எளிது என்பதில் சந்தேகமே இல்லை. வயது 50 தாண்டியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கி ஒன்றில் 8 லட்சம் பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம் பாட் என்று காட்டினால் போதும். சியாங் மாய் போன்ற ஊரில் வாடகையும் சாப்பாடும் சென்னையின் நல்ல பகுதிகளோடு ஒப்பிடத்தக்கவை. தனியார் மருத்துவமனைகள் உலகத் தரமானவை. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் மரியாதையும் பொறுமையும் அந்த மக்களிடம் இயல்பாகவே இருக்கின்றன. மறதி நோய் கண்ட ஐரோப்பிய முதியவர்களுக்காக சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் 2003இல் சியாங் மாய் அருகே பராமரிப்பு இல்லம் தொடங்கியதற்குக் காரணமும் அதுதான்.

சிக்கல் இனிமேல்தான். தங்கும் அனுமதியை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் அன்றைய தேதிக்கு வரவு செலவைப் பதிய வேண்டும்; வங்கியிடம் இருப்புச் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும்; பாஸ்போர்ட்டிலும் பாஸ்புக்கிலும் கேட்கிற பக்கங்களையெல்லாம் நகலெடுத்து ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட வேண்டும்; பல அலுவலகங்களில் வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடத்தையும் கேட்பார்கள். பிறகு குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டிக் காத்திருக்க வேண்டும். இடையில் 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் பேத்தியின் கல்யாணத்துக்கு விமானம் ஏறினால் அந்த ஆண்டின் அனுமதி அதோடு ரத்து. 62 வயதில் இது சலிப்பு. 83 வயதில், கண்ணும் காலும் தளர்ந்த பிறகு, இதுவே பெரும் பாரம்.

அதைவிடக் கவலை தருவது வேறொன்று. பல தம்பதிகள் 8 லட்சம் பாட்டைக் கணவர் பெயரில் மட்டும் வைத்து, மனைவியை அவரைச் சார்ந்தவராகப் பதிவு செய்கிறார்கள். பணம் மிச்சமாகிறது என்பதால் செய்கிற ஏற்பாடு இது. கணவர் இறந்தால் மனைவியின் அனுமதிக்கான அடிப்படையே போய்விடும். அவர் தன் பெயரில் தனியாக விண்ணப்பிக்க 8 லட்சம் பாட் வேண்டும். அந்தப் பணமோ இறந்தவரின் கணக்கில் முடங்கிக் கிடக்கும். நீதிமன்றம் ஒருவரைச் சொத்து நிர்வாகியாக நியமிக்கும் வரை வங்கி தொடவிடாது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண், பாஷை தெரியாத நாட்டில், விசா முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருக்க நேர்வதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. தாய்லாந்துதான் என்று முடிவு செய்தால், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு 8 லட்சம், அங்கேயே எழுதிய உயில் என்ற மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

மருத்துவக் காப்பீட்டையும் இங்கேயே பேசிவிடலாம். சொந்த நாட்டிலிருந்தே பெற்று வரும் ஓய்வு விசாவுக்கு 30 லட்சம் பாட் அளவுக்குக் காப்பீடு கட்டாயம். உள்ளே வந்தபின் வேறு வகை விசாவில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பலர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, காப்பீடே இல்லாமல் காலம் தள்ளுகிறார்கள். 70, 75 வயதைத் தாண்டியவருக்குப் புதிய பாலிசி தர நிறுவனங்கள் தயங்கும். தந்தாலும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் விலக்கிவிட்டுத்தான் தரும். இது மூன்று நாடுகளுக்குமே பொருந்தும். ஆனால் வெளிநாட்டவருக்கு அரசு செலவில் மருத்துவம் கிடைக்காத தாய்லாந்தில் அடி பலமாக விழும்.

சியாங் மாய் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஊரை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

அடுத்தது மலேசியா. ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் 2002 முதல் நடக்கிறது. ஒரு காலத்தில் 50 வயது தாண்டியவருக்கு ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்பும் மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் போதுமாக இருந்தன. 2021இல் அதை 10 லட்சம் ரிங்கிட், மாதம் 40,000 ரிங்கிட் என்று ஒரேயடியாக உயர்த்தினார்கள். ஏற்கெனவே குடியேறியவர்களுக்கும் இது பொருந்தும் என்று முதலில் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். 2024இல் மறுபடி மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று படிகள் வைத்தார்கள். கீழ்ப்படியான வெள்ளிக்கே 1.5 லட்சம் அமெரிக்க டாலர் வைப்பு வேண்டும்; குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும்; அந்த வீட்டைப் பத்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது, அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறலாம். கிடைப்பது ஐந்தாண்டு விசா; பிறகு புதுப்பிக்க வேண்டும். வைப்பில் பாதி வரை ஓராண்டுக்குப் பின் வீடு, மருத்துவம் போன்றவற்றுக்காக எடுத்துக்கொள்ளலாம். உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

கணக்கைப் பார்த்தால் மூன்றிலும் செலவு கூடிய நுழைவாயில் இதுதான். இந்தியாவில் வசிப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியது 2.5 லட்சம் டாலர். வைப்பும் வீடும் சேர்ந்து ஏறத்தாழ 2.9 லட்சம் டாலர் ஆகிறது. எனவே இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து அனுப்ப வேண்டும், அல்லது கணவன் மனைவி இருவரும் தத்தம் வரம்பில் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகையில் வங்கி 20 சதவீதத்தை முன்வரியாகப் பிடித்துவிடும். கணக்குத் தாக்கல் செய்தால் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை பெரிய தொகை ஒன்று கையை விட்டுப் போயிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தமிழருக்கு மலேசியாவை, குறிப்பாகப் பினாங்கை, முதலிடத்தில் வைக்கிறேன். காரணம் மருத்துவமனையில் இருக்கிறது. எண்பது வயதில் நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று படுக்கையில் கிடக்கும்போது, குத்துகிறதா, எரிகிறதா, அடைக்கிறதா, இழுத்துப் பிடிக்கிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். முதுமையில் பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவும்; தாய்மொழிதான் கடைசிவரை தங்கும். பினாங்கின் வார்டுகளில் தமிழ் பேசும் செவிலியரோ மருத்துவரோ கிடைப்பது அரிதல்ல. ஏறத்தாழ 20 லட்சம் இந்திய வம்சாவளியினர், அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர், வாழும் நாடு அது. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள், நாள் முழுவதும் ஒலிக்கும் மின்னல் பண்பலை, தமிழ் நாளிதழ்கள், தண்ணீர்மலை முருகன் கோயிலின் தைப்பூசம் என்று, வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத முதியவருக்கும் அங்கே ஓர் உலகம் மிச்சமிருக்கும். இறுதிக் காரியத்தைச் சொல்லவும் நான் தயங்கப் போவதில்லை. பினாங்கின் பத்து லஞ்சாங் பகுதியில் இந்து மயானம் இருக்கிறது; சடங்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வந்து சேரும் வரை ஒருவர் தனியாகத் திண்டாட வேண்டியதில்லை.

வேறு இரண்டு அனுகூலங்களும் உண்டு. 50 வயது தாண்டியவர் ஆண்டுக்கு இத்தனை நாள் தங்கியே தீர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மார்கழியும் தையும் தஞ்சாவூரில், மீதி மாதங்கள் பினாங்கில் என்று இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு, அது வந்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருந்தால், தனிநபர்களுக்கு 2036 இறுதி வரை வரிவிலக்கு. தாய்லாந்து இதற்கு நேர்மாறாக, ஆண்டில் 180 நாள் தங்குகிறவர் 2024 முதல் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு வரி கேட்கிறது.

மலேசியாவின் குறை, அது கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருக்கும் என்பது. வெள்ளிப் படி விசா எத்தனை முறை புதுப்பித்தாலும் நிரந்தரமாகத் தங்கும் உரிமையாக மாறாது. 2021இல் விதியை மாற்றியவர்கள் இன்னொரு முறை மாற்ற மாட்டார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. பத்து ஆண்டு விற்க முடியாத வீட்டோடு அந்த மாற்றத்தில் மாட்டிக்கொள்வது சுகமான நிலை அல்ல. ஆகவே சொந்த ஊரில் இருக்கும் வீட்டை விற்றுத்தான் பினாங்கில் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது.

போர்ச்சுகல் இந்த இடத்தில்தான் மற்ற இரண்டையும் முந்துகிறது. வேலை செய்யாமலே வருமானம் வருகிறவர்களுக்கான டி7 விசாவுக்குக் காட்ட வேண்டியது அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமான நிலையான வருமானம். 2025இல் அது மாதம் 870 யூரோவாக இருந்தது; துணைவருக்கு அதில் பாதி கூடுதல். ஓய்வூதியம், வாடகை, வட்டி எதுவானாலும் சரி. முதலில் இரண்டாண்டு அனுமதி, பிறகு மூன்றாண்டு, ஐந்தாண்டு முடிந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஓரளவு போர்ச்சுகீசிய மொழி தெரிந்திருக்க வேண்டும். அந்த உரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. துணை இறந்தாலும் மிஞ்சியவரை யாரும் வெளியேறச் சொல்ல முடியாது. குடியிருப்பவர் என்ற தகுதியிலேயே அரசுப் பொது மருத்துவத்தில் சேரலாம், வயது தடையில்லை. நான் கேட்ட எண்பது வயதுக் கேள்விக்குச் சட்டத்தின் வழியாக முழுப் பதில் தரும் நாடு மூன்றில் இது ஒன்றுதான்.

ஆனாலும் விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு வரியே இல்லை என்று 2009 முதல் இழுத்தார்கள், 2020இல் 10 சதவீதம் ஆக்கினார்கள், 2024 முதல் புதியவர்களுக்கு அந்தச் சலுகையையே மூடிவிட்டார்கள். இந்தச் சலுகையால் வெறுத்துப்போன பின்லாந்தும் சுவீடனும் போர்ச்சுகலோடு இருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டன. இன்று புதிதாகப் போகிறவர் வழக்கமான வருமான வரி விகிதத்தில்தான் கட்ட வேண்டும். உச்ச விகிதம் 48 சதவீதம். பொது மருத்துவத்தில் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படாதவர்கள் 15 லட்சம் பேர் இருக்கிறார்கள். குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பங்கள் மலையாகத் தேங்கியிருக்கின்றன.

குளிரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான ஊர்களில் பனி விழாது, ஆகவே வீடுகளைக் குளிருக்குக் கட்டவில்லை. தரை ஓடு, மெல்லிய ஜன்னல், வெப்பமூட்டி கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அலமாரிக்குப் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவெல்லாம் ஓடும். வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அதிகம் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் போர்ச்சுகலும் ஒன்று. மூட்டுவலிக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. தற்காலிக அனுமதிக் காலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கவும் கூடாது. லிஸ்பனில் இந்துக் கோயில் உண்டு. மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்திகள் வளர்த்த சமூகம் அது. தமிழ்க் குரல் கேட்க வேண்டுமானால் தொலைபேசிதான்.

ஓய்வூதியம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதும் முடிவை மாற்றும். பிரிட்டனில் வேலை பார்த்தவர் தாய்லாந்திலோ மலேசியாவிலோ குடியேறினால் அவருடைய அரசு ஓய்வூதியம் அன்றைய தொகையிலேயே உறைந்துவிடும். ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு வராது. போர்ச்சுகலில் இருந்தால் உயர்வு தொடரும். இருபது ஆண்டுகளில் இந்த வித்தியாசம் மலைக்க வைக்கும். கனடாவில் 18 வயதுக்குப் பின் 20 ஆண்டு வாழ்ந்திருந்தால்தான் முதியோர் ஓய்வூதியம் எந்த நாட்டில் குடியேறினாலும் தொடரும். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்த மூன்று நாடுகளிலும் செல்லாது.

எனவே லண்டனில் வாழ்ந்த தம்பதிக்கு, மொழி கற்கும் தெம்பு இருந்தால், 65 வயதுக்குள் போர்ச்சுகலைச் சொல்வேன். ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு மேலும் 3 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்த சென்னைத் தம்பதிக்குப் பினாங்கு. தாய்லாந்து, எழுபது வயது வரைக்கும் என்று தெளிவாக முடிவெடுத்து, திரும்பி வர வீடும் இந்தியாவில் அறுபடாத காப்பீடும் வைத்திருப்பவருக்கு. அந்தக் காப்பீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிட வேண்டாம்.

போய்ப் பார்க்கும்போது கடற்கரையை விட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முன்பணம் கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிறார்களா, எந்த மொழியில் பேசுகிறார்கள், துணைக்கு ஆளில்லாத முதியவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். உயில் விஷயத்தைப் பயணத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் பேசுங்கள். போர்ச்சுகல் சட்டம் துணைக்கும் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பங்கு வைக்கிறது. அது வேண்டாம் என்றால், 2015 முதல் அமலில் உள்ள ஐரோப்பிய வாரிசுரிமை விதிப்படி எனக்குக் குடியுரிமை உள்ள நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.