ஜூலையில் புது நோட்டு: ஆண்டின் நடுவே புல்லட் ஜர்னல் தொடங்கும் அனுபவம்

வேலைகளையும் நிகழ்ச்சிகளையும் சின்னக் குறிகளோடு ஒரே நோட்டில் கையால் எழுதும் முறைதான் புல்லட் ஜர்னல். அதை ஜனவரி 1-ஆம் தேதிதான் தொடங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிப்ரவரியில் விட்டுப்போனால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கிறார்கள். நான் சில ஆண்டுகளாக இதை விடாமல் எழுதி வருகிறேன். என் நோட்டு பெரும்பாலும் ஜூன் கடைசியில்தான் தீரும். அதனால் ஆண்டின் நடுவில் புது நோட்டுக்கு மாறுவது எனக்குப் பழகிப்போன வேலை. ஜனவரியில் தொடங்கிய நோட்டுகளைவிட ஜூலையில் தொடங்கியவைதான் எனக்கு நன்றாக உழைத்திருக்கின்றன.

என் வேலையைச் சொன்னால்தான் என் நோட்டு ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும். சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். மாதம் பிறந்தால் 7-ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-இல் ஜிஎஸ்டிக்கான விற்பனை விவரம் ஜிஎஸ்டிஆர்-1, 20-இல் ஜிஎஸ்டி கட்டித் தாக்கல் செய்யும் 3பி. எங்களுக்கு ஆண்டு பிறப்பது ஏப்ரலில். வீட்டில் பிள்ளைகளுக்கு ஜூனில், அம்மாவுக்குச் சித்திரையில். ஜனவரியில் புதிதாகத் தொடங்கும் வேலை என்று பார்த்தால் எங்கள் வீட்டில் எதுவுமே இல்லை. டிசம்பரில் பாதியில் நிற்கும் வேலை ஜனவரியிலும் பாதியில்தான் நிற்கும். ஜூலையில் அப்படியில்லை. பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டது, புத்தகங்களுக்கு அட்டை போட்டாகிவிட்டது, ஜூன் 15-இன் அட்வான்ஸ் டாக்ஸ் முதல் தவணையும் முடிந்திருக்கும். மீதி ஆண்டு எப்படிப் போகும் என்று ஓரளவு கண்ணுக்குத் தெரிகிற நேரம் அது.

முறையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நியூயார்க்கில் டிஜிட்டல் வடிவமைப்பாளராக இருந்த ரைடர் கரோல், சிறுவயதிலிருந்தே கவனம் சிதறும் தொல்லையோடு போராடியவர், தனக்காகப் பல ஆண்டுகள் உருவாக்கிய குறிப்பெழுதும் முறையை 2013-இல் இணையத்தில் பகிர்ந்தார். செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்ச்சிக்குச் சின்ன வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. வேலை முடிந்தால் புள்ளியின் மேலேயே பெருக்கல் குறி. தள்ளிப்போனால் அதையே அம்புக்குறி ஆக்கிவிட்டு, வேலையைப் புதுப் பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். முன்பக்கத்தில் இண்டெக்ஸ், அடுத்து வரும் மாதங்களுக்கு ஃபியூச்சர் லாக், மாதத்துக்கென்று ஒரு பகுதி, நாளுக்கென்று ஒரு பகுதி, அவ்வளவுதான். படம் வரைவது, வண்ணப் பட்டை ஒட்டுவது எல்லாம் பிறகு மற்றவர்கள் சேர்த்தவை. அவை பிடித்தவர்கள் தாராளமாகச் செய்யட்டும். எனக்கு வெறும் கோடுகளே போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கரோலின் அடிப்படை அமைப்பில் ஃபியூச்சர் லாக் ஆறு மாதங்களுக்கானது. எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களையும் குறுக்கே மும்மூன்றாகப் பிரித்தால் ஆறு கட்டம். ஜூலையில் தொடங்கினால் டிசம்பர் வரை அந்த இரண்டு பக்கத்தில் கச்சிதமாக அடங்கிவிடும். பன்னிரண்டு மாதத்தையும் வரைந்து வைத்துக்கொண்டு, முதல் பாதி காலியாகக் கிடக்கிறதே என்று வருந்த வேண்டியதில்லை.

இனி பழைய நோட்டிலிருந்து புதியதற்கு மாற்றுவது. இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். ஆபீஸில் மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கும்போது எல்லாக் கணக்குகளும் அடுத்த ஆண்டுக்குப் போவதில்லை. வாடகை, சம்பளம், விற்பனை போன்ற வரவு செலவுக் கணக்குகள் அந்த ஆண்டோடு லாப நட்டத்தில் முடிந்துவிடும். சொத்தும் கடனும்தான் ஆரம்ப இருப்பாக அடுத்த பேரேட்டில் ஏறும். நோட்டு மாற்றும்போதும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறேன். நடந்து முடிந்த செலவு, உடற்பயிற்சி செய்த நாள்கள், பார்த்த படங்கள், ஆபீஸ் மீட்டிங் குறிப்புகள் எல்லாம் பழைய நோட்டிலேயே முடிந்தன. நான் ஒருவருக்குத் தர வேண்டியதும் எனக்கு ஒருவர் தர வேண்டியதும் மட்டும் புது நோட்டுக்கு வரும். பணம் மட்டுமில்லை. கொடுத்த வாக்கு, திருப்பித் தராத புத்தகம், கேட்டு வாங்காத சான்றிதழ், பாதியில் நிற்கும் பிஎஃப் மாற்றம் எல்லாமே இதில் சேரும்.

இதற்கு ஒரே ஒரு பக்கம்தான். மேலே 'ஆரம்ப இருப்பு' என்று எழுதி, பழைய நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, பெருக்கல் குறி விழாத புள்ளிகளைத் தேடுவேன். அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேண்டும், அவசரத்தில் செய்யக் கூடாது. ஒரு வரி மறுபடி எழுதத் தகுந்ததா என்று கையே சொல்லிவிடும். 'பரண் சாமான்களை ஒழுங்கு செய்தல்' என்று எழுதப் போகும்போதே பேனா நின்றது. இந்த வீட்டை அடுத்த கோடையில் மாற்றுவதாக இருக்கிறோம், அப்போது எப்படியும் இறக்கத்தான் போகிறோம். அடித்துவிட்டேன். இன்னொரு வரி, 'கும்பகோணம் பெரியம்மாவைப் பார்க்க'. ஒவ்வொரு மாதமும் அம்புக்குறி வாங்கி அடுத்த மாதத்துக்குத் தாவிக்கொண்டே வந்த வரி அது. அதை வெறும் புள்ளியாகப் புது நோட்டில் ஏற்ற மனம் வரவில்லை. அப்போதே ரயில் டிக்கெட் பார்த்து, ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்து, வட்டம் போட்டு ஃபியூச்சர் லாகில் எழுதினேன். போய் வந்தேன். பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. போனில் உடனே வந்து நிற்கும் நினைவூட்டலை ஒரு தட்டில் தள்ளிவைத்துவிடலாம், கையால் திரும்பத் திரும்ப எழுதும் வரியை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. இந்தப் பழக்கத்தை நான் விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒரு பக்கத்துக்கு மேல் போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். பக்கம் நிறைந்தபின் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் ஏற்கெனவே எழுதியதில் ஒன்றை அன்றே முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் அது ஒரு போன் காலில் முடிகிற வேலையாக இருக்கும்.

ஃபியூச்சர் லாகைப் பென்சிலில்தான் எழுதுகிறேன். 2025-இல் இது மிகவும் உதவியது. சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31 கடைசி நாள் என்றிருந்தது செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது, கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் கிடைத்தது. டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்கான செப்டம்பர் 30, அக்டோபர் 31 ஆகி, பிறகு நவம்பர் 10 ஆனது. பேனாவில் எழுதியிருந்தால் அந்த இரண்டு பக்கமும் படிக்கவே முடியாமல் போயிருக்கும். அதே பக்கங்களில் வீட்டுத் தேதிகளும் உண்டு. ஆடி முடிந்ததும் ஆவணியில் கல்யாணங்கள் வரிசை கட்டும். பத்திரிகை கைக்கு வந்த அன்றே வட்டம் போட்டுவிடுவேன், மொய்க்கு எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அக்டோபரில் இரண்டாம் அரையாண்டு சொத்துவரி. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் மொட்டைமாடி வடிகாலைச் சுத்தம் செய்ய வேண்டும். நவம்பரில் அப்பாவின் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட். ஆபீஸுக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு வைத்திருப்பவர்களைத் தெரியும். எனக்கு ஒன்றே போதும். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆபீஸில் மூச்சு விட முடியாது என்பது கண்ணெதிரே இருந்தால்தான், அந்த வாரத்தில் வரும் வீட்டு விசேஷத்துக்கான சாமான்களை முன்கூட்டியே வாங்கிவைக்கத் தோன்றும்.

மாதாமாதம் மாறாமல் வரும் தேதிகளை நோட்டில் எழுதுவதில்லை. கெட்டி அட்டை ஒன்றை நோட்டின் உயரத்துக்கு வெட்டி, 7, 11, 20 என்று வரிசையாக எழுதி, பின்பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில், பள்ளி வேன் கட்டணம் எல்லாவற்றையும் குறித்து, பக்க அடையாளமாகச் செருகியிருக்கிறேன். நோட்டு மாறினால் அட்டையும் மாறிக்கொள்ளும், மறுபடி எழுதும் வேலை இல்லை. இத்தனை நாளில் நானாகக் கண்டுபிடித்ததில் மிகவும் பயன்பட்டது இந்த அட்டைதான்.

தொடக்கத்தில் செய்து பார்த்துப் பிறகு நான் விட்டவையும் உண்டு. அவற்றில் முதலாவது ஹாபிட் டிராக்கர். தண்ணீர் குடித்தேனா, நடந்தேனா என்று கட்டம் நிரப்புவது தொடக்கத்தில் உற்சாகம் தரும். மாதக் கடைசியில் அந்தக் கட்டங்களை வைத்து நான் எந்த முடிவும் எடுத்ததில்லை, அதனால் நிறுத்திவிட்டேன். மனநிலையை வண்ணத்தில் குறிப்பதும் அப்படியே போனது. வாரத்துக்கென்று தனிப் பக்கம் சில காலம் இருந்தது. ஜிஎஸ்டி வாரத்தில் இடம் போதாது, மற்ற வாரங்களில் பாதிப் பக்கம் காலி. இப்போது நாள் பக்கங்கள் மட்டும்தான். தேதி எழுதி, எத்தனை வரி ஆகிறதோ அத்தனை வரி, அடுத்த நாள் அதன் கீழேயே.

காகிதத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இதில்தான் பணம் போகிறது. புல்லட் ஜர்னல்காரர்கள் அதிகம் சொல்லும் பெயர் ஜெர்மனியின் லாய்ஷ்ட்டுர்ம்1917. பக்க எண்ணும் இண்டெக்ஸ் பக்கங்களும் அச்சிட்டே வருவது பெரிய வசதி. வழக்கமான நோட்டில் காகிதம் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), எழுத்தின் நிழல் மறுபக்கம் லேசாகத் தெரியும். நன்றாக உழைக்கும் நோட்டுதான், ஆனால் இங்கே அது வந்து சேரும் விலைக்கு நம் ஊர்த் தயாரிப்பில் பல நோட்டுகள் வாங்கலாம். நான் இப்போது வாங்குவது உள்நாட்டுத் தயாரிப்பு, ஏ5 அளவு, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள், 120 ஜிஎஸ்எம் காகிதம். ஃபவுண்டன் பேனாவில் எழுதினாலும் மறுபக்கம் ஊறுவதில்லை. கெட்டிக் காகிதம் என்பதால் பக்கங்கள் குறைவு, ஏறக்குறைய அரை ஆண்டில் தீர்ந்துவிடும். எனக்கு அதுவும் நல்லதாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை ஆரம்ப இருப்பு எழுதும் வாய்ப்புக் கிடைக்கிறது. பக்க எண் மட்டும் நானே போட வேண்டும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே போட்டுவிடலாம்.

வாங்கும்போது பைண்டிங்கைக் கட்டாயம் பாருங்கள். நூல் வைத்துத் தைத்ததா, வெறும் பசையா என்பதை நடுப்பக்கத்தைத் திறந்தால் கண்டுபிடிக்கலாம், தைத்த நூல் தெரியும். ஸ்கூட்டர் டிக்கியில் மே மாத வெயிலில் கிடந்த பசை பைண்டிங் நோட்டு ஒன்று, சில வாரங்களிலேயே தாள் தாளாகக் கழன்றது. தைத்த நோட்டு அதே டிக்கியில் ஒரு முழுக் கோடையைத் தாங்கியிருக்கிறது. சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் போகிறவர்கள் காகிதக் கடைகளில் வெவ்வேறு ஜிஎஸ்எம் தாள்களைக் கையில் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். எண்ணை வைத்துக் கணிப்பதைவிட விரல் சரியாகச் சொல்லும்.

மை விஷயத்தில் நவம்பர் மழைதான் உண்மையான பரீட்சை. பை நனைந்தால் சாதாரண மை கலைந்து ஓடிவிடும். யூனிபால் சிக்னோ மாதிரி பிக்மென்ட் மை (நிறம் கரையாத நுண் துகள்களாக இருக்கும் மை) உள்ள ஜெல் பேனா காய்ந்தபின் தண்ணீருக்கு அசைவதில்லை. அதனால் நாள் பக்கங்களை அதில்தான் எழுதுகிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு மணி அடிக்காது. மாலை 4 மணிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் போனில் அலாரம் வைத்தே ஆக வேண்டும், நானும் வைக்கிறேன். தேடுவதும் கடினம். இண்டெக்ஸை ஒழுங்காக எழுதினால்தான் ஏதாவது கிடைக்கும். தொலைந்தால் நகல் இல்லை. அதனால் கிளையண்ட் பெயர், பான் எண், பாஸ்வேர்டு எதையும் எழுதுவதில்லை, ஆபீஸ் ஃபைல் எண் மட்டும்தான். ஆரம்ப இருப்புப் பக்கத்தையும் ஃபியூச்சர் லாகையும் மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பழைய நோட்டை உடனே அலமாரியில் ஏற்றிவிட வேண்டாம். முதல் சில வாரங்கள் இரண்டும் மேஜையில் இருக்கட்டும். பழையதில் இருக்கும் நீண்ட குறிப்புகளை நான் மறுபடி எழுதுவதில்லை. நோட்டுகளுக்கு வரிசை எண் கொடுத்திருப்பதால், புது இண்டெக்ஸில் 'வீட்டுக்கடன் வட்டி விவரம், 5.88' என்று எழுதினால் போதும், ஐந்தாம் நோட்டில் 88-ஆம் பக்கம். வங்கியோடு பேசும்போது இந்த எண் பல முறை கைகொடுத்திருக்கிறது.

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்க நினைப்பவர்களும் ஆறு கட்டம் போட்டு ஜனவரி, பிப்ரவரி வரை எழுதிக்கொள்ளலாம். டிசம்பரோடு நிறுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இந்த ஜூலையில் எடுத்த நோட்டில் ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அம்மாவின் மருந்துகள், வேளை, டாக்டரை அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி, மருந்துக்கடை எண். இந்தப் பக்கத்தில் மட்டும் புள்ளியும் அம்புக்குறியும் கிடையாது, முழு வாக்கியங்களாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் தங்கை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அவளுக்கு என் குறியீடுகள் தெரியாது. பக்க எண்ணை அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.